சிவப்பு மையால் வெட்டிய ஐந்து வரிகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கிணற்று மோட்டர் எரிந்துபோனது. சுன்னாகத்திலிருந்து மோட்டர் சுற்றுகிறவர் வந்து, விறாந்தையில் சாக்கை விரித்து, அதைக் கழற்றினார். மூடியைத் திறந்ததும் கருகிய வார்னிசும் சூடான செம்பும் கலந்த மணம் வீடெல்லாம் பரவியது. யன்னலைத் திறக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். போர்க்காலத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத அந்த ஆண்டுகளில் உம்முடைய விரல்களில் எப்போதும் இருந்த மணம் அது. சோறு குழைக்கும்போதும், கரும்பலகையில் எழுதும்போதும், செல்வச்சந்நிதிக் கோயிலில் கைகூப்பி நிற்கும்போதும்கூட.

"அம்மா, சுத்து முழுக்கக் கருகிப்போச்சுது. புதுக் கம்பிதான் சுத்த வேணும்," என்றார் அவர்.

"எங்கத்தைக் கம்பி போடுவீர்?"

"எங்கத்தை எண்டு கேட்டா? எல்லாம் வெளியிலையிருந்து வாறதுதான். இஞ்சை ஆரம்மா கம்பி செய்யினம்?"

நான் சிரித்துவிட்டேன். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து அவர் சற்று முறைத்தார். உண்மையில் நான் சிரித்தது உள்ளே மேசையில் கிடந்த ஒரு புத்தகத்தை நினைத்து. குவாண்டம் தொழில்நுட்ப ஆராய்ச்சியையும் உள்நாட்டு உற்பத்தியையும் ஊக்குவிப்பதற்கான அரச கொள்கை வரைவு. மூன்று மொழியிலும் அச்சிட்டிருக்கிறார்கள். மோட்டருக்குச் சுற்றும் கம்பியைச் செய்யத் தெரியாத நாடு, அணுவின் உள்ளே நடப்பதைக் கொண்டு கருவிகள் செய்து உலகத்துக்கு விற்கப்போகிறதாம். சில மாதங்களுக்கு முன்பு அது கைக்கு வந்தபோது தமிழ்ப் பிரதியை நான் சிவப்புப் பென்சிலோடு வாசித்தேன். முன்னுரை முடிவதற்குள் பென்சிலை இரண்டு தடவை சீவவேண்டியிருந்தது.

அந்த வரைவில் நீர் இருக்கிறீர். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதைவிடப் பெரிய வேறொன்றும் உண்டு. அதை உம்மிடம் நேரில் சொல்வதற்கு எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. நான் சொல்லவில்லை.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் சிவநேசன். உம்மிடம் பௌதிகவியல் படித்த அதே சிவநேசன்தான். முன்வாங்கில் இருந்துகொண்டு ஓயாமல் கேள்வி கேட்பான் என்று நீர் அலுத்துக்கொள்வீரே, அவர். இப்போது தலை நரைத்துவிட்டது; பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். கொள்கைக் குழுவில் வடக்கிலிருந்து இருக்கும் ஒரே ஆள். சண்டிலிப்பாய்க்கு வந்து, என் முன் அறையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். 'முன்னோடிகள்' என்று தலைப்பு. உம்முடைய பெயர். கீழே இப்படி எழுதியிருந்தது: இடர்மிகு காலப்பகுதியில் அரசின் ஊக்குவிப்பினால் உள்நாட்டு மூலப்பொருட்களைக் கொண்டு குவாண்டம் உணரியொன்றை உருவாக்கிய ஆசிரியை.

அரசின் ஊக்குவிப்பு. அந்த இரண்டு சொற்களையும் அவர் கண் முன்னாலேயே வட்டமிட்டேன்.

"அன்ரி, நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்," என்றார். "ரீச்சரின்ரை கொப்பியள் உங்களிட்டைத்தானே இருக்கு. கொண்டுபோய்ப் படம் பிடிச்சுப்போட்டுத் திருப்பித் தருவம்."

"உதை ஆர் எழுதினது?"

"குழு எழுதினது."

"குழுவுக்குக் கை இல்லை. ஆற்றை கை?"

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்து, "என்ரைதான்," என்றார். "உப்பிடி எழுதாட்டி அந்தப் பக்கமே வராது, அன்ரி. நான் மூண்டு முறை எழுதிக் குடுத்தனான். மூண்டு முறையும் திருப்பி அனுப்பினவை."

"நாலாம் முறை பொய் எழுதினீர். உடனை ஏற்றுக்கொண்டினம். அப்பிடித்தானே?"

அவர் விளக்கினார். நாட்டில் சில ஆய்வுகூடங்கள் கட்டப்போகிறார்களாம். ஒன்றை எங்கள் பக்கம் கொண்டுவரவேண்டுமென்றால், இந்த மண்ணில் இந்த ஆராய்ச்சி முன்பே நடந்ததென்று காட்ட ஏதாவது வேண்டும். உம்முடைய மூன்று கொப்பிகளைத் தவிர அவரிடம் வேறெதுவும் இல்லை. "அதுவும் இல்லாட்டி, எங்கடை பெடியள் வழமைபோலை வெளிநாட்டுக்குத்தான், அன்ரி. படிக்கவும் அங்கை, வேலைக்கும் அங்கை, சாகவும் அங்கை."

அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நீர் இருந்தால் அந்த இடத்திலேயே பேனையை எடுத்திருப்பீர். "ஆய்வுகூடம் வரட்டும், வசனத்தைப் பிறகு திருத்துவம்," என்பீர். நமக்குள் எப்போதும் அதுதான் வித்தியாசம். கன்னியர் மடப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் பக்கத்து வாங்கில் அமர்ந்த நாளிலிருந்து கடைசிவரை ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் அழைத்தோம். ஒருநாளும் 'நீ'க்கு இறங்கவில்லை. அந்த மரியாதைக்குள் இருந்துகொண்டே எவ்வளவு சண்டை பிடித்தோம். உமக்குக் காரியம் நடக்கவேண்டும். எனக்கு வசனம் சரியாக இருக்கவேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சிவநேசனை அனுப்பிவிட்டு, நீர் கடைசியில் என்னிடம் விட்டுப்போன கொப்பிகள் இருந்த அலுமாரியைத் திறந்தேன்.

அந்தக் கொப்பிகளில் இருக்கும் எண்கள் எப்படி வந்தன என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் கால்கள் அதற்குச் சாட்சி.

குண்டுக்குப் பயந்து எங்கள் வீட்டை விட்டு நானும் என் கணவரும் உம்முடைய தொண்டைமானாற்று வீட்டில் வந்திருந்த மாதங்கள். மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. பற்றறி, அரசு வடக்குக்கு அனுப்பத் தடைசெய்த பொருள். ரோச் விளக்குக்குப் போடும் சிறிய பற்றறிகூட. அந்த நேரத்தில்தான் உமக்குப் பூமியின் காந்தத்தை அளக்கவேண்டும் என்று வந்தது. உம்முடைய தகப்பனார் வலைகளும் பாய்களும் வைத்திருந்த கொட்டிலைப் பிரித்து, ஓர் ஆணிகூட இல்லாமல் கயிற்றால் மட்டும் கட்டி, கடல்நீரேரி ஓரமாக மறுபடி நிறுத்தினீர். நடுவில் ஒரு மர முக்காலி. அதன்மேல் தண்ணீர் நிரப்பிய போத்தல். போத்தலைச் சுற்றி, எரிந்துபோன எங்கேயோ ஒரு மோட்டரிலிருந்து உரித்தெடுத்த செப்புக்கம்பி.

உள்ளே வருகிறவர்கள் இரும்பைக் கழற்றி வைக்கவேண்டும். அது உம்முடைய சட்டம். முதல் நாள் வாசலில் என்னை மறித்து, "கொண்டை ஊசியைக் கழட்டும்," என்றீர்.

கழற்றினேன்.

"சீலை ஊசியும்."

"சீலை நிக்காது."

"கையாலை பிடியும். பூமிக்கு உம்முடைய சீலையைப் பற்றி அக்கறை இல்லை."

நான், கன்னியர் மடத்தில் சீருடையின் மடிப்பு ஒன்று குலைந்தாலும் வகுப்புக்குள் போகாதவள், அவிழ்ந்த கொண்டையோடும் ஒரு கையில் முந்தானையோடும் அந்தக் கொட்டிலுக்குள் குனிந்து போனேன். நீர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

மின்சாரம் என்னிடமிருந்து வந்தது. கொட்டிலிலிருந்து வெகுதூரம் தள்ளி, வேலியோரம், சைக்கிளை நிறுத்தியில் ஏற்றி, டைனமோவை ஊரில் தேடிப்பிடித்த பழைய கார் பற்றறியோடு பூட்டியிருந்தீர். காலை முழுக்க நானும் அவரும் மாறி மாறி மிதிப்போம். "தபால் கந்தோரிலை முப்பது வருசம் சைக்கிள் ஓடினனான். ஒரு இடத்துக்கும் போகாமல் ஓடுறது இதுதான் முதல் தரம்," என்பார் அவர். நடுப்பகல் நெருங்கும்போது மிதிப்பதை நிறுத்தச் சொல்வீர். பற்றறியின் மின்சாரத்தைக் கம்பிக்குள் சில விநாடி ஓடவிட்டு வெட்டுவீர். காதில் ஒரு பழைய கேட்கும் குழல்.

ஒருநாள் அதை என் காதில் வைத்தீர். நுளம்பு பாடுவதுபோல ஒரு மெல்லிய நாதம். இரண்டு மூச்சு நேரத்துக்குள் தேய்ந்து மறைந்துவிட்டது.

"என்ன கேட்டது?"

"தண்ணீர்," என்றீர். "தண்ணீருக்குள்ளை இருக்கிற அணுக்கரு ஒவ்வொண்டும் ஒரு பம்பரம். நாங்கள் எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளிப்போட்டு விட்டா, பூமியின்ரை காந்தத்தைச் சுத்தி ஒண்டாய்ச் சுழலுது. அந்தச் சுழற்சிதான் உமக்குக் கேட்டது. நாதம் எவ்வளவு கூர்மையோ காந்தம் அவ்வளவு பலம்."

நடுப்பகலில் எங்கள் தலைக்கு மேலே, வானத்தின் உச்சியில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறதாம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பவர்களுக்குத்தான் அது நன்றாக அகப்படும். நாங்கள் கிட்ட இருந்தோம். அதோடு இன்னொன்றும் சொன்னீர். "உலகத்திலை எங்கை போய் அளந்தாலும் மின்சாரக் கம்பியின்ரை இரைச்சல் உள்ளை வந்திடும். இஞ்சை ஒரு லைற்றும் எரியேல்லை, ஒரு மோட்டரும் ஓடேல்லை. உவங்கள் எங்களை இருட்டாக்கினதிலை இந்த யாழ்ப்பாணம் உலகத்திலேயே அமைதியான ஆய்வுகூடமாப் போச்சு. நான் இதை விடுவனோ?"

அரசின் ஊக்குவிப்பு என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான். இருட்டு.

இந்த வேலையை இன்று குவாண்டம் உணரி என்கிறார்கள். நீர் வகுப்பில் சொன்ன சொல் சக்திச் சொட்டு. சொல் மாறட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி நான் சொல்லாமல் விட்டது.

அந்த நாதத்தின் கூர்மையை ஒப்பிட்டு அளக்க உம்மிடம் இருந்தது நீரே பூட்டிய ஒரு சிறிய ஒலிப்பெட்டி. வெயில் ஏறினால் அதன் ஒலி மாறும். அதை நீர் நம்பவில்லை. ஒரு குவார்ட்ஸ் பளிங்கு வேண்டும் என்றீர். விரல் நகம் அளவுத் தகரக் கூட்டுக்குள் இருப்பது. விநாடிக்கு எத்தனை தடவை துடிக்கும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். "அது இருந்தா என்ரை எண்கள் உலகத்தின்ரை எண்கள். இல்லாட்டி அது தொண்டைமானாற்றின்ரை எண்கள் மட்டும்தான்," என்றீர். கொழும்பில் உமக்குத் தெரிந்த ஒருவர் பளிங்கையும் வேறு சில சாமான்களையும் வாங்கி வைத்திருந்தார். தடையைத் தாண்டி அவற்றை இங்கே கொண்டுவர அரசாங்கத்தின் அனுமதி வேண்டும்; அதற்கு விண்ணப்பக் கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. எப்போதும் என் வேலைதான்.

"பாடசாலை விஞ்ஞானப் பொருட்கள் எண்டு ஒரே வரி எழுதும்," என்றீர். "விபரம் கூடினா வில்லங்கம்."

அப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். பொதுவாக எழுதிக் கொடுத்தால் கந்தோரில் இருப்பவர் வாசித்து மினக்கெடாமல் முத்திரை குத்துவார். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கட்டுரைகளில் 'பொருட்கள்' என்ற சொல்லைக் கண்டால் மடப் பள்ளியில் நம் மதர் என்ன செய்வார் என்று உமக்கு நினைவிருக்கும். எந்தப் பொருள் என்று தெரியாதவள்தான் அந்தச் சொல்லை எழுதுவாள் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பி எறிவார். அரசாங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் நான் சோம்பேறிபோலவும் ஒளிப்பவள் போலவும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். நாங்கள் மறைக்க எதுவும் இல்லாதவர்கள் என்று அவர்களுக்குக் காட்ட நினைத்தேன். கடிதத்தின் கீழே ஐந்து வரிகளை ரைப் அடித்தேன். எனாமல் பூசிய செப்புக்கம்பி, இன்ன தடிப்பு. உலர் பற்றறி, இத்தனை. திரான்சிஸ்டர், இன்ன வகை. கேட்கும் குழல், ஒரு சோடி. குவார்ட்ஸ் பளிங்கு, ஒன்று. எல்லாவற்றுக்கும் எதிரே பயன்பாடு: பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் கருவிக்கு. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

உம்முடைய கையெல்லாம் வார்னிசு. வாசிக்காமல், கடதாசியின் ஓரத்தை மட்டும் பிடித்துக் கையெழுத்து வைத்தீர். என் ஆங்கிலத்தில் உமக்கு அவ்வளவு நம்பிக்கை.

அது திரும்பி வந்தது. தபால் கந்தோரிலிருந்து என் கணவர் கையால் வந்ததால் முதலில் பார்த்தவள் நான். ஐந்து வரிகளையும் அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார்கள். அடியில் ஓர் அதிகாரியின் சுருக்கொப்பம். நான் அதை மடித்து என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே வந்து, "மறுத்திட்டாங்கள்," என்றேன். "காரணம்?" என்று கேட்டீர். "சொல்லேல்லை."

இரண்டு கிழமை கழித்துப் பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு பெட்டி வந்தது. அவர்கள் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள். பெட்டிக்குள் கம்பி இருந்தது, பற்றறியும் இருந்தது. நீர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலில் நின்றபடி, "அவைக்கு விட்டவங்கள். எனக்கு மட்டும் ஏன் விடேல்லை?" என்று கேட்டீர்.

"உவங்களிட்டை என்ன நியாயத்தைக் கேக்கிறது?" என்றேன் நான்.

அந்தப் பதில் பொய் இல்லை. அதுதான் அதன் கேவலம்.

பளிங்கு இல்லாமலே மூன்று கொப்பிகளை நிரப்பினீர். கட்டுரை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினீர். அளவீட்டுக்கு நம்பத்தகுந்த நியமம் இல்லை என்று பணிவான ஒரு கடிதத்தோடு அது திரும்பியது. நீர் அந்தக் கடிதத்தை வாசித்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று வகுப்புக்குப் போனீர். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குப் படிப்பித்தீர். கொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

சிவநேசன் இரண்டாம் முறை வந்தபோது கொப்பிகளை மேசையில் வைத்தேன். மேலே அந்தக் கடதாசியை வைத்தேன். அவர் வெட்டிய வரிகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அன்ரி, இது ரீச்சருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப இதை ஏன் இப்ப வெளியிலை எடுக்கிறியள்?"

"அரசு ஊக்குவிச்சது எண்டு எழுதியிருக்கிறீர். ஊக்குவிச்ச விதம் இதிலை இருக்கு. கொப்பி வேணுமெண்டா இதையும் பக்கத்திலை போடுங்கோ. ரெண்டும் சேத்துத்தான்."

"நீங்கள் ரைப் அடிச்சதும் தெரியவரும். அவங்கள் பழியை உங்களிலை போட்டிட்டுப் போயிடுவாங்கள்."

"என்னுடைய பங்கை நான் எடுக்கிறன். தங்கடை பங்கை அவங்கள் எடுக்கட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கடதாசியைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார். கொப்பிகளை நான் கொடுக்கவில்லை.

மூன்று கிழமையில் திருத்திய பக்கம் வந்தது. 'அரசின் ஊக்குவிப்பு' அப்படியே இருந்தது. கீழே புதிதாக ஒரு வரி: விண்ணப்பத்தில் நேர்ந்த குறைபாடு காரணமாகச் சில உபகரணங்கள் உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

சிவநேசன் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அளவுகோல் வைத்து வெட்டியவரைக் காணவில்லை. ரைப் அடித்தவள் மட்டும் மிச்சம். அந்த வரியை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க விரும்பவில்லை. அந்தக் கோபத்தில் பாதி, அந்த வரியில் ஒரு துண்டு உண்மை இருந்ததால் வந்தது.

வரைவைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. போனேன். வெள்ளைச் சேலை, கொண்டை ஊசி, சீலை ஊசி எல்லாம் அதனதன் இடத்தில். மேடையில் குழுத் தலைவர், கொழும்பிலிருந்து வந்த ஒரு கனவான், ஆங்கிலத்தில் பேச ஒருவர் தமிழாக்கினார். தன்னிறைவு என்றார். உள்நாட்டு உற்பத்தி என்றார். வடக்கின் ஆற்றல் என்றார். பின்வரிசையில் இருந்த பல்கலைக்கழகப் பெடியன் ஒருவன், "கரண்ட் போகாமல் இருந்தாக் காணும், சேர்," என்றான். மண்டபம் சிரித்தது. தமிழாக்கியவர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

என் முறை வந்தது. எழுந்து, பக்க எண்ணைச் சொல்லி, அங்கே எழுதியிருப்பது உண்மை இல்லை என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இந்த ஊர்க் கிழவியிடம் அந்த ஆங்கிலத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு தமிழில், சனத்தைப் பார்த்து, உம்முடைய கடதாசியைப் பிரித்து வாசித்தேன். செப்புக்கம்பி, வெட்டு. பற்றறி, வெட்டு. திரான்சிஸ்டர், வெட்டு. கேட்கும் குழல், வெட்டு. குவார்ட்ஸ் பளிங்கு ஒன்று, வெட்டு.

தலைவர் மெல்லச் சிரித்து, அது வேறு காலம் அம்மா என்று தமிழாக்குபவரைச் சொல்லச் சொன்னார்.

"காலம் கையொப்பம் வைக்காது, ஐயா," என்றேன். "இதிலை ஒரு ஆளின்ரை கையொப்பம் இருக்கு."

"அம்மாவை முழுக்கக் கதைக்க விடுங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

"இந்தப் பட்டியலை எழுதினது நான்," என்றேன். "அவ எழுதவேண்டாம் எண்டு சொன்னவ. நான் கேக்கேல்லை. அவவுக்கு இது தெரியாமலே அவ செத்துப்போனா."

தலைவர் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஆகவே விண்ணப்பத்தில்தான் பிழை என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இந்தக் கேள்வியை அவர் கேட்கவேண்டும் என்றுதான் நான் நின்றேன்.

"ஓம். உண்மையான பேரை எழுதினது என்ரை பிழை. பிழை எண்டு நானே சொல்லிப்போட்டன், இனி அதை நீங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லை. உண்மையான பேரை எழுதினவளை வெட்டி, ஒளிச்சு எழுதினவைக்கு முத்திரை குத்தின கந்தோர் ஆற்றை? அதை உங்கடை புத்தகத்திலை ஒரேயொரு வரி எழுதுங்கோ. உடனை கையெழுத்து வைக்கிறன்."

குறித்துக்கொள்கிறோம் என்றார். எதையும் எழுதவில்லை. அவருடைய பேனை மூடியபடியே இருந்தது. நான் முன்வரிசையில் நின்றதால் அது நன்றாகத் தெரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் சிவநேசன் என்னைப் பிடித்தார். வியர்த்திருந்தார்.

"கெடுத்துப்போட்டியள், அன்ரி. எனக்கு ரெண்டு வருச வேலை. உங்களுக்கு ஒரு வசனம் பெரிசாப் போச்சு."

"எனக்கு எப்பவும் அது பெரிசுதான்."

"பெடியளுக்கு வாற ஆய்வுகூடம்? அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அடுத்த நாள் மூன்று கொப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு அவருடைய பல்கலைக்கழகத் துறைக்கே போய், அந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த பெடியனின் கையில் கொடுத்தேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ, அம்மா," என்றான். குழுவுக்கு அல்ல, உங்களுக்கு என்றேன். வெட்டிய கடதாசியை முதல் கொப்பியின் முதல் பக்கத்தில் நானே ஒட்டியிருந்தேன். அவன் எண்களைப் பார்த்துவிட்டு என்னை மறந்துபோனான். ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில் உம்முடைய ஒலிப்பெட்டி எவ்வளவு விலகியதென்று ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறீராமே. அதைக் கொண்டு பழைய எண்களைத் திருத்தப் பார்க்கலாம், ஆனால் முழுதாகத் திருத்தமுடியுமோ தெரியாது என்றான். உண்மையைச் சொன்னான். அதற்காக அவனை மதித்தேன்.

இறுதிக் கொள்கை அச்சாகி வந்துவிட்டது. முன்னோடிகள் என்ற பக்கமே இல்லை. ஒரு வரி எழுதுவதைவிட உம்மை முழுதாக எடுத்துவிடுவது அவர்களுக்கு இலேசாக இருந்திருக்கிறது. வடக்கின் ஆய்வுகூடம் பரிசீலனையில் உள்ளது என்று இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். சிவநேசன் இப்போது எனக்குத் தொலைபேசி எடுப்பதில்லை.

ஆக, உம்முடைய காரியத்தை நான் இரண்டாம் தடவையும் சரியான வசனத்தால் கெடுத்திருக்கக்கூடும். மறுபடி அந்த மண்டபத்தில் என்னை நிறுத்தினாலும் அதையே வாசிப்பேன். அந்த மனிதர்களை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

உம்முடைய விசயத்தில்தான் சந்தேகம். ஒரு மண்டபம் நிறைந்த அந்நியர்களிடம் சத்தமாகச் சொன்னதை, பக்கத்திலேயே இருந்த உம்மிடம் அத்தனை ஆண்டுகளில் ஒரு தடவை சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சிலர் என் கையைப் பிடித்துத் தைரியசாலி என்றார்கள். ஒரு பெண் அழுதாள். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. நீர் இடுப்பில் கையை வைத்து, "ஒரு வரி எண்டு சொன்னனானெல்லே, உமக்குக் காது கேக்காதோ?" என்று ஏசியிருக்கவேண்டும். ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்திருக்கவேண்டும். அந்த ஏச்சு எனக்குரியது. அதைத் தரும் உரிமை உமக்கு மட்டும்தான் இருந்தது. உமக்குத் தெரியாமல் அதை உம்மிடமிருந்து பறித்துக்கொண்டேன். அது இல்லாமல்தான் இருக்கிறேன்.